இலக்குப் பலகையும் அதன் பேழையும்

இங்கிலாந்து தேசத்து இல்லங்கள் சிலவற்றில், கூடத்துச் சுவரிலோ வண்டிக் கொட்டகையின் உட்புறத்திலோ, ஏறத்தாழ இரண்டடிச் சதுரமான மரப்பேழை ஒன்று மாட்டப்பட்டிருப்பதைக் காணலாம். மூடியிருக்கும்போது அது சிறு அலமாரி போலத் தோன்றும். உள்ளே தெய்வத்தின் படம் ஏதேனும் இருக்கக்கூடும் என்றுகூட நம்மவர் எண்ணுவர். அதன் இரு கதவுகளையும் விரித்தால், நடுவே கறுப்பும் வெண்மையுமாகக் கூறிடப்பட்ட வட்டப் பலகை ஒன்று நிற்கும். கதவுகளின் உட்புறத்தில் சுண்ணக்கட்டியால் எழுதத்தக்க கரும்பலகைகள் பதிக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் ஆறு சிற்றம்புகள் செருகி வைக்கப்பட்டிருக்கும். அந்தச் சிற்றம்புக்கு ‘டார்ட்’ என்று பெயர். அதனை எறிந்து ஆடும் ஆட்டம் டார்ட்ஸ். இந்த ஆட்டம் எவ்வாறு கதவுகளுக்குள் வந்து அடங்கிற்று என்பதே இன்று நான் நேயர்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள்.

பெரிய விஷயங்கள் எத்தனையோ இருக்க இப்பொருளை நான் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பொழுதுபோக்காகத் தச்சுவேலை பழகுகிறவன் நான். அலுவலகக் கோப்புகளோடு கழியும் வாரத்தின் இறுதியில், தில்லியில் என் வீட்டு மொட்டைமாடியில் உளியும் இழைப்புளியுமாக அமர்வது என் வழக்கம். டார்ட்ஸ் ஆடும் நண்பரொருவர் தம் பலகைக்கு ஒரு பேழை வேண்டுமென்று கேட்டார். மே மாதத்தில் அதைச் செய்து முடித்தேன். கதவுகளை நல்ல சீசம் பலகைகளில் ஒரே பரப்பாக இணைத்து, பின்புறம் குறுக்குச் சட்டங்களைத் திருகாணியிட்டு இறுக்கி, இரண்டும் மயிரிழை இடைவெளியில் சந்திக்குமாறு பொருத்தினேன். அழகாகவே இருந்தது. ஆகஸ்டு மாதத்தில் நண்பர் வந்தார். கதவு திறக்கவில்லை என்றார். போய்ப் பார்த்தேன். இரு கதவுகளும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன; ஒன்றில் மேலிருந்து கீழாக ஒரு கோணலும் விழுந்திருந்தது. எங்கள் தெருவில் பட்டறை வைத்திருக்கும் மிஸ்திரியை அழைத்துக் காட்டினேன். அவர் கதவை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “எந்த மாதத்தில் இழைத்தீர்கள், பாபுஜி?” என்று மட்டும் கேட்டார்.

அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தவன் டார்ட்ஸின் சரித்திரத்துக்குள் சென்றுவிட்டேன். அச்சரித்திரம் முழுவதிலும் மரமும் ஈரமும் பின்னிப் பிணைந்து கிடக்கக் கண்டேன்.

இவ்வாட்டத்தின் பிறப்பைப் பற்றிக் கதைகளுக்குக் குறைவில்லை. வில்லாளிகள் ஓய்வு வேளையில் அம்புகளைக் குறுக்கி, மதுப் பீப்பாயின் அடிப்பலகையின்மீது எறிந்து ஆடினர் என்பது ஒரு கதை. பீப்பாய் கிடைக்காத இடத்தில் அறுத்த மரத்துண்டின் முகத்தை இலக்காகக் கொண்டனர். மரத்தின் ஆண்டு வளையங்களே புள்ளிகளைப் பிரிக்கும் வட்டங்களாயின என்பது மற்றொன்று. இக்கதைகளை நான் மறுக்கவும் இல்லை, முழுதும் நம்பவும் இல்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றே: பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் மதுச்சாலைகளில் இவ்வாட்டம் பல வட்டாரங்களில் பல வடிவங்களில் ஆடப்பட்டு வந்தது. லண்டனில் ஒரு பலகை, யார்க்ஷயரில் ஒரு பலகை, மான்செஸ்டரில் மற்றொரு பலகை. எண்களின் வரிசையும் ஊருக்கு ஊர் வேறாயிருந்தது. பின்னர் எங்கும் பரவிய பலகையில் இருபது கூறுகள் உண்டு. உச்சியில் 20, அதற்கு ஒரு புறம் 1, மறுபுறம் 5. பெரிய எண்ணை நாடிக் குறி தவறுகிறவன் சிறிய எண்ணில் விழ வேண்டும் என்பதே ஏற்பாடு. இவ்வரிசையை வகுத்தவர் இன்னார் என்று ஒன்றிரண்டு பெயர்கள் சொல்லப்படுகின்றன. இங்கிலாந்தில் டார்ட்ஸ் ஆட்டத்தின் சமூக வரலாற்றை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட பாட்ரிக் சாப்ளின் போன்றவர்கள் அப்பெயர்களை ஐயத்தோடுதான் நோக்குகின்றனர். உலகமெங்கும் கோடிக்கணக்கானோர் கண்முன் நிற்கும் ஓர் அமைப்பைச் செய்தவரின் பெயர் தெரியாமற்போவது தச்சர் உலகத்துக்குப் புதிதன்று. நம் கோயில் தேர்களைச் செய்தவர்களின் பெயர்களை நாம் எத்தனை பேர் அறிவோம்?

பெயரை விட்டுப் பொருளுக்கு வருவோம். அக்காலத்து இலக்குப் பலகை எல்ம் மரத்தில் ஆனது. வட இந்தியாவில் சில்பில் என வழங்கும் மரம் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. எல்ம் மரத்தின் நார்கள் ஒன்றோடொன்று முறுக்கிப் பின்னிக் கிடப்பவை. ஆகையால் அது எளிதில் பிளவாது. வண்டிச் சக்கரத்தின் குடத்தை அதில்தான் கடைந்தார்கள். நாற்காலிகளின் இருக்கைப் பலகையும் அதில் ஆயிற்று. இடைவிடாது நீரில் கிடந்தால் நெடுங்காலம் உழைப்பது அதன் மற்றொரு குணம். பழைய லண்டன் நகரத்தின் குடிநீர்க் குழாய்கள் எல்ம் மரத்தண்டுகளைக் குடைந்து செய்யப்பட்டவையே.

இந்த மரத்தை நீளவாட்டில் அல்லாமல் குறுக்காக, முள்ளங்கியை வில்லையாக அரிவதுபோல அறுத்து வட்டமாக்கினார்கள். அப்போது நார்களின் முனைகள் ஆடுபவரை நோக்கி நிற்கும். எறிந்த அம்பு நார்களுக்கிடையே புகுந்து நிற்கும். பிடுங்கினால் நார்கள் ஓரளவு மீண்டும் கூடும். இது நல்ல யுக்தி. ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. மரம் உலரும்போது நீளவாட்டில் அநேகமாகச் சுருங்குவதே இல்லை. வயிரத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சற்றுச் சுருங்கும். வளையங்களைத் தொடர்ந்து சுற்றிச் செல்லும் திசையில் அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு சுருங்கும். வட்டத்தின் சுற்றளவு குறைய முயல, ஆரம் அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் என்ன நேரும்? விளிம்பிலிருந்து மையம் வரையில் ஒரு பிளவு. விறகுக் கடையில் கிடக்கும் எந்த மரத்துண்டின் முகத்தைப் பார்த்தாலும் இதைக் காணலாம்.

ஆகவே மதுச்சாலைக்காரர் ஒவ்வோர் இரவும் கடை மூடியபின் பலகையைச் சுவரிலிருந்து இறக்கி நீரில் ஊறப் போட்டார். ஊறிய மரம் விம்மும், அன்றைய அம்புத் துளைகள் அடைபடும், பிளவும் தவிர்க்கப்படும். மறுநாள் மாலை ஈரப் பலகை மீண்டும் சுவரேறும். ஊற வைக்க மறந்தால் பலகை போயிற்று. குடிசைத் தொழிலைப் போன்ற இந்தப் பராமரிப்பை மதுச்சாலையின் ஏவலாள் செய்யலாம். நீர்த்தொட்டியும் நிலவறையும் அங்கே உண்டு. மெத்தையிட்ட நாற்காலிகளும் சுவர்க்காகிதமும் உள்ள இல்லத்துக் கூடத்தில், நீர் சொட்டும் மரவட்டத்தை யார் மாட்டுவார்? அதைக் கதவிட்ட பேழைக்குள் வைத்து மூடினாலோ, பேழையே பூசணம் பூத்து உப்பிவிடும்.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். மரத்தால் ஆன இலக்குப் பலகை இருந்தவரையில் மரத்தால் ஆன பேழைக்கு இடமில்லை. பலகை மரத்தை விட்டு வேறொரு பொருளுக்கு மாறிய பிறகே, தச்சர்க்கு அதைச் சுற்றி ஒரு வீடு கட்ட வாய்ப்பு ஏற்பட்டது. பேழையின் வரலாற்றைப் பொதுவாக ஆட்டத்தின் செல்வாக்கோடு மட்டும் சேர்த்து எண்ணுவார்கள். பாதி உண்மைதான், மற்றப் பாதி ஈரத்தைப் பற்றியது.

அந்த மாற்றம் வந்த வழியும் சுவையானது. நோடார் என்ற லண்டன் கம்பெனி 1920களில் களிமண் போன்ற ஒரு பிசைபொருளால் இலக்குப் பலகை செய்து விற்கப் பார்த்தது. ‘நாற்றமற்றது’ என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களைச் சுருக்கியே கம்பெனிக்கு அப்பெயர் வைக்கப்பட்டது; அதன் பிசைபொருளுக்கு வாடை இல்லை என்பது அதன் பெருமை. அம்பு துளைத்த இடத்தைக் கட்டையால் உருட்டிச் சமன் செய்துவிடலாம். ஆயினும் மதுச்சாலைக்காரர்கள் அதை விரும்பவில்லை. அம்பு மரத்தில் தைக்கும்போது எழும் ஓசை அதில் இல்லை என்பதும் ஒரு குறையாக இருந்திருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். கம்பெனி எல்ம் பலகைக்கே திரும்பிற்று. பின்னர் 1930களின் தொடக்கத்தில் அதே கம்பெனி சிசல் நாரினால் ஆன பலகையைக் கொண்டுவந்தது.

சிசல் என்பது கற்றாழை இனத்துச் செடியின் நார். வேலிக் கற்றாழையிலிருந்து நாரெடுத்துக் கயிறு திரிப்பதை நம் கிராமங்களில் பார்த்தவர்களுக்கு அதன் தன்மை தெரியும். மெக்ஸிகோ நாட்டு யூகடான் பகுதியில், சிசல் என்னும் துறைமுகத்தின் வழியே ஏற்றுமதியானமையால் அதற்கு அப்பெயர் வந்தது. 1893ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஹிண்டார்ஃப் என்ற ஜெர்மானியர் அதன் கன்றுகளைக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குத் தருவித்தார். அனுப்பப்பட்ட ஆயிரத்தில் 62 மட்டுமே உயிரோடு வந்து சேர்ந்தன என்று சொல்வர். அவற்றிலிருந்து பெருகிய தோட்டங்களே பிற்காலத்தில் டாங்கனீக்காவின் பெருஞ்செல்வமாயின. கப்பல் கயிற்றுக்கென வளர்ந்த அந்த நார், சிறு கட்டுகளாக வெட்டப்பட்டு, முனைகள் முன்னோக்கி நிற்குமாறு நெருக்கி அழுத்தப்பட்டு, இரும்பு வளையத்தால் இறுக்கப்பட்டு, இலக்குப் பலகையாயிற்று. எல்ம் வில்லை செய்த வேலையையே இதுவும் செய்கிறது. நார்களுக்கிடையே அம்பு புகுகிறது. எடுத்தால் நார்கள் தாமே கூடிக்கொள்கின்றன. ஆனால் ஊற வைக்கவேண்டியதில்லை. ஊற வைத்தால் கெட்டே போகும். நேற்றுவரை உயிர்மருந்தாயிருந்த நீர் இன்று நஞ்சாயிற்று.

மான்செஸ்டர் வட்டாரத்தின் பழைய ஆட்டத்தில் மட்டும், ஏறத்தாழ 10 அங்குல விட்டமுள்ள மரவட்டம் இன்னும் வழங்குகிறது. அது இன்னும் ஈரத்தில் காக்கப்படுகிறது. அதற்குப் பேழை செய்வார் இல்லை.

உலர்ந்த பலகை வந்துவிட்டது. இனி அது வீட்டுக்குள் நுழைய மரியாதை வேண்டும். மதுச்சாலை ஆட்டம் என்ற பெயர் அதற்கு எளிதில் நீங்குவதாயில்லை. 1908ஆம் ஆண்டில் லீட்ஸ் நகரத்து மதுச்சாலைக்காரர் ஒருவர், அதிர்ஷ்டத்தை நம்பிய சூதாட்டத்துக்கு இடங்கொடுத்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்டதாகவும், அவர் சார்பில் வந்த அனாகின் என்பவர் நீதிமன்றத்திலேயே பலகையை மாட்டச் செய்து, மூன்று அம்புகளையும் 20இல் எறிந்து, மீண்டும் எறிந்து காட்டி, இது கைத்திறனே அன்றி அதிர்ஷ்டமன்று என்று மெய்ப்பித்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. வழக்கின் பதிவேடு அகப்படவில்லை. ஆயினும் அக்கதையை ஆட்டக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லி வந்ததிலிருந்து, தங்கள் ஆட்டம் சூதன்று என்று உலகம் ஒப்ப வேண்டுமென்ற அவர்களது ஏக்கம் புலனாகிறது. 1930களின் பிற்பகுதியிலும் கிளாஸ்கோ, லிவர்பூல் போன்ற நகரங்களில் உரிமம் வழங்கும் நீதிபதிகள் மதுச்சாலைகளில் டார்ட்ஸ் ஆடுவதற்குத் தடை விதித்தார்கள்.

அதே காலத்தில் மற்றொரு காட்சி. 1937ஆம் ஆண்டில் ஆறாம் ஜார்ஜ் மன்னரும் எலிசபெத் அரசியும் ஸ்லவ் நகரில் ஒரு சமூக நிலையத்தைப் பார்வையிடச் சென்றனர். அங்கே இருவரும் டார்ட்ஸ் எறிந்தனர். அரசி மன்னரை வென்றார். செய்தி மறுநாள் பத்திரிகைகளில் வந்தது. அதன்பின் கனவான்களின் மனைவியரும் கூச்சமின்றி அம்பெடுத்தனர். 1927இல் லண்டன் வட்டாரத்தில் தொடங்கிய ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு’ பத்திரிகையின் போட்டி, 1939ஆம் ஆண்டு இறுதியாட்டத்துக்கு லண்டன் விவசாய மண்டபத்தில் 14,000 பேருக்கு மேல் திரளும் அளவுக்கு வளர்ந்திருந்தது. ஒரு நகரத்து நீதிபதி கதவடைக்க, அரசியார் வேறொரு கதவைத் திறந்துவிட்டார் என்றே கொள்ளலாம்.

எனினும் கூடத்தில் மதுச்சாலைப் பலகை வெளிப்படையாகத் தொங்குவதை வீட்டுத் தலைவிகள் எல்லோரும் விரும்பியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. கதவுகள் அந்த இடத்தில் உதவின. விருந்தினர் வரும்போது மூடிவிட்டால் அது ஒரு மரச்சாமான், அவ்வளவே. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் பிரிட்டனில் ஏறத்தாழ 40 லட்சம் புதிய வீடுகள் எழுந்தன. அலுவலக எழுத்தரும் பள்ளி ஆசிரியரும் முதன்முறையாகத் தமக்கென ஒரு சுவரும், பின்புறத்தில் ஒரு கொட்டகையும் பெற்றனர். சுவரில் மாட்டுவதற்கு வேண்டியதைக் கொட்டகையில் செய்துகொள்ளலாம் அல்லவா?

இங்கே பொழுதுபோக்குத் தச்சனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மரவேலையின் மர்மங்கள் ஒரு காலத்தில் இங்கிலாந்திலும் சங்கங்களின் கைக்குள் இருந்தவை. கட்டடத் தச்சர் சங்கம் வேறு, சாமான் தச்சர் சங்கம் வேறு. எது யாருடைய வேலை என்று இரு சாராரும் பூசலிட, 1632ஆம் ஆண்டில் லண்டன் நகராட்சி மன்றம் தலையிட்டுப் பாகப்பிரிவினை செய்தது. குடைவில் கழுந்து புகுத்துவது, விசிறி போல் விரிந்த பற்களால் மூலை இணைப்பது, பசையிட்டு ஒட்டுவது ஆகிய நுட்ப வேலைகள் சாமான் தச்சர்க்கு உரியவை. ஆணியடித்து முடிக்கும் வேலை கட்டடத் தச்சர்க்கு உரியது என்பது அத்தீர்ப்பின் சாரம். இருவருக்கும் வெளியே உள்ள மூன்றாமவன் உளியைத் தொடுவதைப் பற்றிய எண்ணமே அதில் இல்லை. நம் நாட்டில் இதே வேலியைக் குலம் போட்டது. அங்கே சங்கம் போட்டது.

வேலியில் முதல் துளை அச்சுப் புத்தகத்தால் விழுந்தது. 1678ஆம் ஆண்டு முதல் ஜோசப் மாக்ஸன் என்பவர் கைத்தொழில்களை விளக்கும் நூலொன்றைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். இரண்டாம் சார்லஸ் மன்னரிடம் கடல்வரைபட அதிகாரியாயிருந்தவர் அவர். இழைப்புளியைப் பிடிப்பது எப்படி, கழுந்தை அளப்பது எப்படி என்பதை ஆங்கிலத்தில் அச்சேற்றியவர்களில் அவரே முதல்வர் எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்வீடன் நாட்டு ஸ்லாய்ட் முறையின் செல்வாக்கால் ஆங்கிலப் பள்ளிகளில் சிறுவர்க்கு மரவேலை கற்பிக்கலாயினர். 1895இல் ‘ஹாபீஸ்’ என்ற வாரப் பத்திரிகையும், 1901இல் ‘தி உட்வொர்க்கர்’ என்ற பத்திரிகையும் தோன்றின. ஹாபீஸ் கம்பெனி நார்ஃபோக் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வரைபடமும் மெல்லிய பலகையும் கால்மிதி ரம்பமும் தபாலில் அனுப்பி வந்தது. பள்ளியில் கழுந்து வெட்டக் கற்ற சிறுவன், முப்பது வயதில் சொந்தக் கொட்டகை வந்ததும் எதைச் செய்வது என்று தேடினான். நாற்காலி கடினம், மேஜை பெரிது. இரண்டடிச் சதுரப் பேழை அவனுக்கு ஏற்ற அளவு.

போர் இதைத் தடுத்தது. 1942 முதல் மரச்சாமான்கள் பங்கீட்டுக்கு உட்பட்டன. புதுமணத் தம்பதிகளுக்கும் குண்டுவீச்சில் வீடிழந்தோர்க்குமே அவை கிடைத்தன. 1952 வரையில் ஏதேனும் ஒரு கட்டுப்பாடு நீடித்தது. அக்காலத்தில் பழைய பெட்டிப் பலகைகளையும் உடைந்த கட்டில்களையும் கொண்டே பொழுதுபோக்குத் தச்சன் காலந்தள்ளினான். கட்டுப்பாடு நீங்கியதும் வெள்ளம் மடை திறந்தது. 1955இலும் 1957இலும் வீட்டு வேலையைத் தாமே செய்துகொள்வோர்க்கெனப் புதிய மாதப் பத்திரிகைகள் தோன்றின. தொலைக்காட்சியில் பேரி பக்னெல் என்பவர் தோன்றி மக்களுக்கு வேலை கற்பித்தார். 1962இல் ஒரு பழைய வீட்டை வாரந்தோறும் காமிராவின் முன்னே புதுப்பித்துக் காட்டினார். அவர் காட்டிய யுக்திகளில் ஒன்று, சட்டமும் உட்பலகையுமாகக் கடைந்த பழைய கதவுகளின்மேல் ஹார்ட்போர்டு என்னும் அழுத்திய மரநார் அட்டையை ஆணியடித்து, மொழுமொழுவென்று தட்டையாக்கிவிடுவது. துடைப்பதற்கு எளிது என்பதே அதன் காரணம். அவ்வாறு மூடப்பட்ட கதவுகளைப் பிற்காலத்தார் மெனக்கெட்டுத் திறந்து, அந்த அட்டையைப் பெயர்த்தெறிந்தனர்.

அந்தச் சட்டக் கதவில்தான் மிஸ்திரியின் கேள்விக்கு விடை இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டையொட்டி வட ஐரோப்பாவில் இம்முறை பரவலாயிற்று. அதற்கு முன்பு கதவும் பெட்டியும் அகலப் பலகைகளை ஆணியால் இறுக்கிச் செய்யப்பட்டன. ஈரத்தில் விம்மிக் கோடையில் பிளந்தன. சாமான் தச்சர் கண்ட வழி இது: நான்கு குறுகிய சட்டங்களைக் கழுந்தும் குடைவுமாக மூலைகளில் இணைக்க வேண்டும், சட்டங்களின் உள்விளிம்பில் ஒரு வரிப்பள்ளம் வெட்ட வேண்டும், நடுப்பலகையை அப்பள்ளத்தில் பசையிடாமல், ஆணியிடாமல், சற்று இடம் விட்டு நிறுத்த வேண்டும். பலகை விம்மினால் பள்ளத்துக்குள் நகரும். சுருங்கினாலும் விளிம்பு வெளியே தெரியாது. சட்டம் நீளவாட்டில் ஓடுவதால் கதவின் உயரம் மாறாது. சட்டங்கள் குறுகியவையாதலால் அகலத்திலும் மாறுதல் சொற்பமே. 1632இல் சாமான் தச்சர் தமக்கென்று வாதாடிப் பெற்ற திறமை இதுதான். நானோ, மே மாதத்து வெயிலில் எலும்பாய் உலர்ந்திருந்த சீசம் பலகைகளை 21 அங்குல அகலத்துக்கு அடுக்கி, மழைக்காலத்துக்கு இடமே வைக்காமல் திருகாணியிட்டுவிட்டேன். இரு கதவுகளும் சேர்ந்து கால் அங்குலமேனும் விம்மியிருக்க வேண்டும். குறுக்குச் சட்டத்தின் திருகாணிகள் அதைத் தடுக்க, மரம் கோணலாகத் தன் வழியைப் பார்த்துக்கொண்டது.

இரண்டாம் முறை சட்டக் கதவுகளே செய்தேன். செய்ய விரும்பும் நேயர்களுக்காக அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். இலக்குப் பலகையின் முழு விட்டம் 451 மில்லிமீட்டர், அதாவது பதினேழே முக்கால் அங்குலம். கனம் ஒன்றரை அங்குலம். பேழையின் உள்ளகலம் 20 அல்லது 21 அங்குலம் இருந்தால் பலகையைக் கையால் பிடித்துச் சுழற்ற இடமிருக்கும். சுழற்றுவது ஏன் என்றால், எல்லோரும் 20ஐயே நாடுவதால் அக்கூறு மட்டும் விரைவில் தேயும். எண்களைத் தாங்கும் கம்பி வளையத்தைக் கழற்றி, பலகையை இரண்டு கூறு திருப்பி, வளையத்தை மீண்டும் மாட்டினால் தேய்மானம் பங்கிடப்படும். ஆகவே பலகையைப் பேழையோடு நிலையாகத் திருகிவிடக்கூடாது. நடுவே ஒரு திருகாணியில் மாட்டி, விளிம்பு ஆடாதபடி சிறு ஆப்பு கொடுத்தால் போதும்.

ஆழத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். பலகையின் கனம் ஒன்றரை அங்குலம் என்றுகொண்டு அதற்கே பெட்டி கட்டினால் கதவு மூடாது. கதவின் உட்புறத்தில் கரும்பலகை இருக்கிறது. அம்பு செருகும் சட்டமும் இருக்கிறது. ஏறத்தாழ 3 அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டும். செருகுசட்டத்தை வட்டப் பலகை எட்டாத கீழ்மூலையில் வைக்க வேண்டும். கரும்பலகைக்கு உண்மையான கற்பலகை கனமாதலால், ஒட்டுப்பலகைமேல் கரும்பலகைச் சாயம் பூசுவதே நலம். 501இலிருந்து கழித்துக்கொண்டே வந்து, இரட்டை வளையத்தில் எறிந்து சரியாகச் சூன்யத்தில் முடிப்பது ஆட்டம். கணக்கு எழுதத் தாராளமான இடம் வேண்டும். எங்கள் பக்கத்துவீட்டுச் சிறுவன் கழித்தல் கணக்கைப் பள்ளியில் கற்றதைவிட இப்பேழையின் கதவில் கற்றதே மிகுதி.

மாட்டும்போது பலகையின் நடுமையம் தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். எறியும் கோடு பலகை முகத்திலிருந்து 2.37 மீட்டர். முன்னாட்களில் இத்தூரம் ஊருக்கு ஊர் மாறுபட்டது. 8 அடியும் 9 அடியும் வழங்கின. 1970களில் பன்னாட்டுப் போட்டிகள் பெருகிய பின்னரே இவ்வளவு நிலைபெற்றது. அதே 1970களில் தொலைக்காட்சி இவ்வாட்டத்தை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. இங்கிலாந்தின் எல்ம் மரங்கள் ஒருவகைப் பூஞ்சை நோயால் கூட்டங்கூட்டமாக மடிந்ததும் அந்த ஆண்டுகளில்தான். இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட மரங்கள் பட்டுப்போயின. நாரில் பலகை செய்யும் வழியை யாரும் கண்டிராவிட்டால், ஆட்டம் உச்சிக்கு வந்த வேளையில் அதற்குப் பலகையே அகப்பட்டிராது.

என் இரண்டாம் பேழையைச் செப்டம்பர் மாதத்து மழை ஓயுமுன் முடித்தேன். நடுப்பலகைகளுக்கு இருபுறமும் ஒரு நூல் அகலம் இடம் விட்டேன். மிஸ்திரி வந்து பார்த்தார். கதவைத் திறந்தார், மூடினார். நடுப்பலகையை விரலால் அழுத்தி, அது பள்ளத்துக்குள் இலேசாக அசைவதைக் கண்டு தலையசைத்தார். பழைய கதவுகளை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டு, விலைக்கே வாங்கிப் போனார். இரண்டு கோடைகளும் இரண்டு மழைக்காலங்களும் கடந்துவிட்டன. நண்பர் வீட்டில் பேழை திறந்து மூடுகிறது. சட்டங்களில் மட்டும் குறி தவறிய அம்புகளின் வடுக்கள் நிறைய. இடப்பக்கத்துச் சட்டத்தில் உள்ளவற்றில் பாதி என்னுடையவை என்று நண்பர் சொல்கிறார்.